நைட்டுக்கு ஒரே ஆள், ஏர் பெட் இருந்தா போதுமா?

பாலாற்றங்கரை:
காட்பாடிப் பக்கம் முதியோர் இல்லம் நடத்துற ஒருத்தர் இங்க எழுதியிருக்கார்: ஏர் பெட் (படுக்கைப் புண் வராம இருக்கப் போடுற, பம்ப் வெச்ச காத்து மெத்தை) போட்டாச்சுன்னா படுத்த படுக்கையா இருக்கறவங்களை 2 மணிக்கொருதரம் புரட்ட வேணாமாம், நைட்டுக்கு ஒரு ஆள் போதுமாம். கணக்குப் போடுங்க. 24 பேர், அதுல 9 பேர் படுத்த படுக்கை. புரட்டி, துடைச்சு, டயப்பர் மாத்த ஒருத்தருக்கு 10 நிமிஷம், 9 பேருக்கு 90 நிமிஷம். 2 மணி நேரத்துல மிச்சம் அரை மணி. மத்த 15 பேர்ல ஒருத்தர் பாத்ரூமுக்கு எழுந்தா யார் கையைப் புடிக்கிறது? படுத்தவங்களுக்குப் புண்ணு, நடக்கிறவங்களுக்கு விழுந்து இடுப்பு எலும்பு முறிவு.

கோட்டை_அகழி:
2 மணி, 2 மணின்னு அதையே சொல்லாதீங்க சார். 2013-ல அமெரிக்கா, கனடா இல்லங்கள்ல செஞ்ச ஆய்வுல 2, 3, 4 மணிக்கொருதரம் புரட்டினதுல புண் வர்றதுல வித்தியாசம் தெரியல. ராத்திரியெல்லாம் உலுக்கினா பெரியவங்க தூங்க வேணாமா?

பாலாற்றங்கரை:
பாதி படிச்சுட்டு வந்துடறீங்க. அங்க நல்ல கெட்டி ஃபோம் மெத்தை, புண் வர ஆபத்து ரொம்ப ரொம்ப அதிகமா இருந்தவங்களைச் சேர்க்கவே இல்ல. இங்க வேலூர் வெயில்ல ஏர் பெட் மேல ரெக்சின், அதுமேல மடிச்ச போர்வை, வேர்வையில ஊறின முதுகு. அப்படிப் போட்டா ஏர் பெட்டும் ஒண்ணு, பாயும் ஒண்ணு. பம்ப் சத்தம் கேட்டா போதாது. இடுப்புக்கு நேரா மெத்தைக்கு அடியில உள்ளங்கையை விட்டுப் பாருங்க. எலும்பு கைக்குத் தட்டுப்பட்டா காத்து பத்தல. குதிகாலை மெத்தை காப்பாத்தாது, கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி வெச்சு அந்தரத்துல விடணும். இதைச் செய்ய ஆள் வேணும்.

சத்துவாச்சாரி_அக்கா:
ஒரே ஆள்னா தூக்கறது கிடையாது, இழுக்கறதுதான். தோல் ஷீட்டோட ஒட்டி நிக்கும், உள்ள சதை நகர்ந்துடும், அங்கதான் புண் கிளம்பும். ரெண்டு பேர் டிரா ஷீட்டை (உடம்புக்கு அடியில குறுக்கே போடுற துணி) புடிச்சுத் தூக்கி நகர்த்தணும். நம்ம நிறத்துக்குப் புண் ஆரம்பிக்கிற செவப்பு கண்ணுக்குத் தெரியாது. வால் எலும்பு மேல புறங்கையை வெச்சு, பக்கத்துத் தோலை விடச் சூடா, கெட்டியா இருக்கான்னு பாருங்க.

குடியாத்தம்காரன்:
எல்லாம் சரிக்கா, ஆள் எங்க? ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டி ஊருக்குள்ளயே வந்து பொம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போகுது. ராத்திரி டயப்பர் மாத்த எவங்க வருவாங்க? 1909-லயே சி.எம்.சி. ஆஸ்பத்திரில நர்சிங் பள்ளி வந்த ஊர் இது. படிச்சவங்க வெளிநாட்டுக்குப் போயிடறாங்க.

கோட்டை_அகழி:
1946-லயே நர்சிங் டிகிரி வந்தாச்சு தம்பி, பழைய கதையை விடுங்க.

குடியாத்தம்காரன்:
டிகிரி வேற, பள்ளி வேற. நான் சொன்னது பள்ளி.

பாலாற்றங்கரை:
வருஷச் சண்டை எதுக்கு? சம்பளத்தைக் கூட்டினா ஆள் வரும். போன மாசம் டியூப் ஃபீடிங் (குழாய் வழியா சாப்பாடு கொடுக்கறது) பத்தின இழையிலயும் அகழி சார் இப்படித்தான் நழுவினார். டியூப்ல கஞ்சி வாங்கினவரை அரை மணியாவது தலைமாட்டைத் தூக்கியே வெக்கணும், உடனே மல்லாத்திப் புரட்டினா கஞ்சி மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். அதனால ஒவ்வொருத்தருக்கும் நேரம் தள்ளிப் போகும். ஒத்த ஆள் எப்படிச் சமாளிக்கும்? புரட்டின நேரத்தைக் குறிக்கிற சார்ட்டை எடுத்துப் பாருங்க. 10, 12, 2, 4-னு நாலு கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. விடிகாலையில உக்காந்து மொத்தமாப் போட்டது.

கோட்டை_அகழி:
சார்ட் வேற விஷயம். 4 மணிக்கொருதரம்னா தப்பா, இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பாலாற்றங்கரை:
சொல்லியாச்சு. மேல போய் படிங்க. 2 மணி.