1931இல் சர்வசன வாக்குரிமை, 1946இல்தான் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.). இடையில் 15 வருடம் கட்சிகள் ஏன் வளரவில்லை?

பனங்கூடல்

இலங்கையில் 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் 1931இலேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. அதற்கு முன் சனத்தொகையில் சுமார் 4 வீதத்தினர்தான் வாக்காளர். இவ்வளவு பெரிய பாய்ச்சலுக்குப் பிறகும் 1931, 1936 தேர்தல்கள் இரண்டும் பெரும்பாலும் தனி ஆட்களின் போட்டியாகவே நடந்திருக்கின்றன. இலங்கைத் தேசிய காங்கிரஸ் 1919இலேயே தொடங்கப்பட்டது. அது ஏன் ஒரு கட்சியாக உருவெடுக்கவில்லை? சாதி, நிலவுடைமை, படிப்பறிவுக் குறைவு என்று சொல்லும் விளக்கங்கள் எனக்குப் போதவில்லை. அரசியல் யாப்பிலேயே ஏதும் காரணம் உண்டா?

கோட்டைமுனை

உண்டு. 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் யாப்பு கட்சிகள் இல்லாமலே ஓடும்படி வரையப்பட்டது. அதைப் பரிந்துரைத்த, 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு இங்கே இன அணிகளைக் கண்டதே தவிர, கட்சி என்று சொல்லத்தக்க எதையும் காணவில்லை. கட்சி இல்லாத இடத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் (பிரித்தானியப் பாராளுமன்ற) பாணி அமைச்சரவையை வைத்தால் அது ஒரு இனத்தின் கைக்குப் போய்விடும் என்று கருதி, லண்டன் மாநகர நிர்வாக சபையின் குழுமுறையைப் பின்பற்றினார்கள்.

அது ஓடிய விதத்தைப் பாருங்கள். அப்போதைய சட்டமன்றமான அரசாங்க சபையில் 61 பேர்: தெரிவானவர்கள் 50, நியமனம் 8, பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் என்று அதிகாரிகள் 3. அதிகாரிகளுக்கு வாக்கு இல்லை. சபை கூடியதும் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள்: உள்நாட்டு அலுவல், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், கல்வி, தொழில்-கைத்தொழில்-வணிகம், போக்குவரத்தும் மராமத்தும். குழுவுக்கு ஏறத்தாழ 8 பேர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்யும். அந்தத் தலைவர்தான் அமைச்சர்.

இதில் கட்சிக்கு எங்கே வேலை? அமைச்சரைத் தெரிவு செய்வது ஒரு தலைவரோ பெரும்பான்மை அணியோ அல்ல, அந்த எட்டுப் பேர். அமைச்சர் பதில் சொல்ல வேண்டியதும் அவர்களுக்கே. குழு ஒரு முடிவெடுத்தால், தனக்கு உடன்பாடில்லாவிட்டாலும் அதை அமைச்சர் சபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு அமைச்சரின் பிரேரணையை இன்னொரு அமைச்சர் எதிர்த்து வாக்களிக்கலாம். ஏழு பேருக்கும் கூட்டுப் பொறுப்பு இருந்தது வருடாந்த வரவுசெலவுத் திட்டத்துக்கு மட்டும். அரசாங்கப் பக்கம், எதிர்க்கட்சிப் பக்கம் என்ற கோடே கிடையாது. தொகுதிக்கு ஒரு பாலமோ பள்ளிக்கூடமோ வேண்டிய உறுப்பினர் தன் குழுவுக்குள்ளேயே பேசிக் காரியத்தை முடித்துவிடலாம். அவர் எதற்காக ஒரு கட்சியின் கட்டுப்பாட்டுக்குள் போக வேண்டும்?

வல்லைவெளி

வாக்களிப்பு முறையையும் சேர்த்துப் பாருங்கள். வாக்காளர்களில் மிகப் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதால் 1931இல் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி கொடுத்தார்கள். மறைப்புக்குள் போய், விரும்பியவரின் நிறப் பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டும். படிக்காதவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிறம் தொகுதிக்குத் தொகுதி ஆளோடு ஒட்டிய அடையாளம். அடுத்த தொகுதியில் அதே பச்சை வேறொருவருடையது. நாடு முழுக்க ஒரே சின்னத்தைக் காட்டி, "ஆளைப் பார்க்காதே, இதற்குப் போடு" என்று கேட்க வழியில்லை. கட்சிக்கு அடிப்படையே அந்த அடையாளம்தான். இந்த முறையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டுவந்தால் அதை விற்கலாம்.

தேசிய காங்கிரஸ் விசயத்தில் யாப்பை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அதன் முதல் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று கொடுத்த வாக்கு காப்பாற்றப்படாததால் 1921இல் அவர் விலகினார். எல்லா இனத்தவரையும் ஒரே குடைக்குள் வைத்திருக்கக்கூடிய ஒரே அமைப்பு அப்போதே உடைந்துவிட்டது. டொனமூர் வருவதற்கு ஆறு வருடம் முந்திய கதை இது.

வடக்கில் 1931இல் நடந்ததும் முக்கியம். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், இந்த யாப்பில் முழுச் சுயராஜ்யம் இல்லை என்று பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் உறுப்பினர் இல்லை. இடைத்தேர்தல் நடந்தது 1934இல். கொள்கைக்காக எழுந்த ஓர் இயக்கம், குழுக்கள் பழகி நிலைகொண்ட முதல் மூன்று வருடமும் சபைக்கு வெளியே நின்றது.

நீலக்கடதாசி

மேலே சொன்ன இருவரும் இடதுசாரிகளை மறந்துவிட்டீர்கள். ஏ.ஈ. குணசிங்க 1928இலேயே தொழிற்கட்சி தொடங்கினார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி. பொப்பி மலருக்குப் பதிலாகச் சூரியமலர் விற்ற சூரியமல் இயக்கத்திலும், 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமம் கிராமமாகச் செய்த நிவாரண வேலையிலும் உருவான அணி அது. 1936இல் பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும், என்.எம். பெரேரா ருவன்வெல்லையிலும் வென்றார்கள். மலேரியா கடுமையாகத் தாக்கிய பக்கம் அது. ஆகவே இந்த யாப்புக்குள்ளும் கட்சி கட்ட முடிந்தது. சபையில் இடம் தேடியவர்களுக்குக் கட்சி தேவைப்படவில்லை, வெளியே மக்களைத் திரட்டியவர்களுக்குத் தேவைப்பட்டது.

குழுமுறையில் நன்மையே இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன். கன்னங்கரா 16 வருடம் கல்வி அமைச்சராக இருந்தார். 1943 கல்வி விசேட குழு அறிக்கை, 1945 அக்டோபரில் இலவசக் கல்வி எல்லாம் இந்த முறைக்குள் வந்தவைதான்.

பனங்கூடல்

மிக்க நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. இனவாரி ஆட்சி வரக்கூடாது என்று போட்ட குழுமுறையில் 1936இல் ஏழு அமைச்சரும் சிங்களவராக வந்தது எப்படி?

கோட்டைமுனை

கணக்கால்தான். 1931இல் தமிழரான பெரி. சுந்தரம் தொழில் அமைச்சர், முஸ்லிமான மாக்கான் மாக்கார் போக்குவரத்து அமைச்சர். உறுப்பினர்கள் ஓரளவு சிதறிக் குழுக்களுக்குப் போனதால் அது நடந்தது. எட்டுப் பேர் கொண்ட குழுவில் தலைவரைப் பிடிக்க 5 வாக்குப் போதும். ஏழு குழுவுக்கும் ஐந்தைந்தாக 35. தெரிவான 50 பேரில் மூன்றில் இரண்டுக்கு மேல் சிங்கள உறுப்பினர்கள். யார் எந்தக் குழுவுக்கு என்று முன்கூட்டியே பேசிப் பிரிந்தால் ஒரு குழுவும் கைநழுவாது. 1936இல் அப்படித்தான் பிரிந்தார்கள். கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் இந்தக் கணக்குக்கு உதவினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சீர்திருத்தத்தை ஒரே குரலில் கேட்பதற்கு ஒருமித்த அமைச்சர் குழு வேண்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம். தமிழருக்கு அதன் பலன் வேறாக இருந்தது. சபையில் சிங்களவருக்குப் பாதி, மற்ற இனங்களுக்குப் பாதி ஆசனம் என்ற, தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கைக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியிருக்கவில்லை.

ஐ.தே.க. 1946 செப்டெம்பரில் பிறந்ததற்கும் கணக்குத்தான் காரணம். டொனமூர் யாப்புக்குப் பதிலாக வந்த சோல்பரி யாப்பு குழுக்களை ஒழித்துப் பிரதமரையும் அமைச்சரவையையும் கொண்டுவந்தது. இனி எட்டில் ஐந்து போதாது, 101 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை வேண்டும். உடனே தேசிய காங்கிரஸ்காரர், பண்டாரநாயக்கவின் சிங்கள மகா சபை, முஸ்லிம் லீக் எல்லோரும் டி.எஸ். சேனநாயக்கவின் கீழ் ஒன்றாயினர். பொன்னம்பலத்தின் தமிழ் காங்கிரஸும் சோல்பரி ஆணைக்குழு வந்த 1944இலேயே பிறந்தது.

ஆனாலும் பழைய பழக்கம் ஒரே நாளில் போகவில்லை. 1947இல் தெரிவான 95 ஆசனங்களில் ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது 42. சுயேச்சைகள் 21 பேர். அவர்களில் ஒரு பகுதியினரையும் நியமன உறுப்பினர் ஆறு பேரையும் வைத்துத்தான் சேனநாயக்க ஆட்சி அமைத்தார். வவுனியாவில் சுயேச்சையாக வென்று அந்த அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானவர் அதே சுந்தரலிங்கம்.