காக்கா ஆழியை அகற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம். எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிக்கும் குடும்பம் எங்களுடையது. அப்பா இன்னும் கையால் தடவித்தான் பிடிக்கிறார். சில வருடங்களாக அவர் கைக்குச் சேறே தட்டுப்படுவதில்லை, எங்கே தொட்டாலும் காக்கா ஆழிதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது ஒரு சின்னக் கறுப்பு மட்டி. தென் அமெரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்தது. கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்து இங்கே கொட்டும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள். நூல் போன்ற இழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஆற்றடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிடும். இறால் பதுங்கவும் மஞ்ச மட்டி புதையவும் சேறு வேண்டும். அதுவே மூடிப்போனால் அவை எங்கே போகும்?

பழவேற்காட்டுக்கும் இது வந்துவிட்டது. கேரளத்தில் அஷ்டமுடிக் காயலிலும் உண்டு. அந்தப் பக்கத்து ஆட்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், அங்கே எப்படி எடுக்கிறார்கள்? கையால் பெயர்த்தால் எத்தனை மாதத்தில் திரும்ப வருகிறது? இயந்திரம் வைத்து வாரினால் மிச்சமிருக்கும் மஞ்ச மட்டியும் சேர்ந்து போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அப்புறம், வாரியதை என்ன செய்வது? சுண்ணாம்புக்கு ஓடு வாங்குபவர்கள் இதை எடுப்பார்களா? தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஆறு என்பதால் கோழித் தீவனத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

மீன்வளம் படித்தவர்கள் ஒரு நாள் வந்து பார்த்தால் பெரிய உதவி. படகு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.