புதுப்பிப்பு: பெரிய ஃபிளாட்டா, சின்னத் தோட்ட வீடா?

தாம்பரம் பக்கம் மூன்று பெட்ரூம் ஃபிளாட்டா, அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடி மனையில், இரண்டு பெட்ரூம் தனி வீடா என்று கேட்டிருந்தேன். தனி வீட்டுக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ‘யூடிஎஸ், அதாவது ஃபிளாட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்று பாருங்கள்’ என்று நீங்கள் சொன்னதுதான் மனதை மாற்றியது. ஃபிளாட்டில் நம் பங்கு நிலம் 520 சதுர அடிதான்.

தனி வீட்டில் பின்பக்கம் கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை. கல்லைப் பார்த்த பிறகு மாமியாரிடம் வேறு பேச்சே இல்லை. (முருங்கை என்றால் கம்பளிப்பூச்சியும் வரும், தெரியும்.)

உள்ளே இடம் இடிக்கும்தான். பெரியவள் படிக்க மாடியில் ஓர் அறை எடுக்கலாம் என்றால், பழைய பிளானில் தரைத்தளத்துக்கு மட்டும்தான் அனுமதி. மாடிக்குப் புதிதாக அனுமதி வாங்கும்வரை அவள் மேஜை ஹாலில்தான். 30 வருட வில்லங்கச் சான்றுக்கு (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டுவது) விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அதை வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் பத்திரப்பதிவு.