இழை: உட்படுத்தலா, உளப்பாடா?

விசுவமடு, ஆரம்பப்பிரிவு ஆசிரியை:
ஐயாமாரே, அக்காமாரே, நாளைக் காலை எங்கள் வலய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு கையேடு கொடுக்க வேணும். தலைப்பிலேயே நிற்கிறேன். விசேட தேவையுள்ள பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிப்பிப்பது பற்றியது. 1994 சலமன்காப் பிரகடனத்தோடு உலகெங்கும் பரவிய இந்த 'இன்குளூசிவ் எடியுகேசன்' எங்கள் பயிற்சி நூல்களில் 'உட்படுத்தல் கல்வி'. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற சனத்துக்கு இதை எப்படிச் சொல்வேன்? 'சோதனைக்கு உட்படுத்தல்', 'விசாரணைக்கு உட்படுத்தல்' என்றுதான் அந்தச் சொல் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

என் வகுப்பில் காது மந்தமான ஒரு பெடியன். தகரத்தில் மழை அடித்தால் ஒரு பிள்ளைக்கும் கேளாது; அவனுக்கு எந்த நாளும் மழைதான். கரும்பலகையைப் பார்த்தபடி நான் பேசினால் உதடு மறைந்துவிடும். இப்போது எழுதி முடித்து, திரும்பி நின்று, பிறகுதான் பேசுகிறேன். இதற்குத்தான் பெயர் கேட்கிறேன்.

கிளிநொச்சி:
தமிழ்நாட்டில் 'உள்ளடக்கிய கல்வி' என்கிறார்கள். எடுக்கலாமே.

முல்லைத்தீவு:
அதற்குள் 'அடக்கு' இருக்கிறது. 'உள்வாங்கல்' என்றும் தொடங்க வேண்டாம். 2004க்குப் பிறகு எங்கள் கரையில் உள்வாங்கல் என்றால் கடல்தான்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, சொல் இலக்கணத்திலேயே கிடக்கிறது: உளப்பாடு, பேசுபவர் தன்னோடு மற்றவரையும் சேர்த்துச் சொல்வது. 'நாம்' கேட்பவரையும் சேர்க்கும், 'நாங்கள்' சேர்க்காது. தொல்காப்பியத்தின் அம், ஆம், எம், ஏம் ஈறுகளில் முன்னிரண்டும் முன்னிலையாரை உளப்படுத்தும், பின்னிரண்டும் படர்க்கையாரை உளப்படுத்தும் என்பர் உரைகாரர். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை ஆசிரியர் அறையில் 'அவன்' என்கிறோம். அது படர்க்கை. அவன் முகம் பார்த்துப் பேசினால் முன்னிலை. 'நாம்' என்றால்தான் உளப்பாடு. 'உளப்பாட்டுக் கல்வி' என்றே வையுங்கள்.

கிளிநொச்சி:
சேர், உட்படுவதும் உளப்படுவதும் ஒரே உள், ஒரே படு. கொப்புத்தான் வேறு. எங்கள் பேச்சில் 'நாம்' எங்கே இருக்கிறது? கேட்பவரைச் சேர்த்தும் 'நாங்கள்' என்றுதானே சொல்கிறோம்.

வவுனியா:
உட்படுத்தலில் செய்பவர் ஒருவர், படுபவர் ஒருவர். உளப்பாட்டில் சொல்பவரும் உள்ளே. பேச்சில் தேய்ந்ததை வகுப்பில் மீட்டால் என்ன குற்றம்?

மல்லாவி:
'தழுவற் கல்வி'? 'இறந்தது தழீஇய எச்சவும்மை' என்று படித்தோமே. 'அவனும் வந்தான்' என்றால் முன்னே வந்தவரோடு அவனையும் சேர்க்கிறது அந்த 'உம்'. அதைத்தான் ரீச்சர் செய்கிறா.

முல்லைத்தீவு:
தழுவல் என்றால் என் பிள்ளைகளுக்குத் தழுவல் நாடகம். தாய்மாருக்கு விளங்க வேணும். 'எல்லாரையும் சேர்த்துப் படிப்பித்தல்'. நீளம்தான், ஆனால் அகராதி தேவையில்லை.

மல்லாவி:
சரி, விடுகிறேன். அதுவே இருக்கட்டும்.

கிளிநொச்சி:
நானும் அதற்கே.

வவுனியா:
அது விளக்கம், கலைச்சொல் அல்ல. அதை வைத்து 'வகுப்பறை', 'ஆசிரியர்', 'கலைத்திட்டம்' என்பவற்றோடு சேர்த்துத் தொகைச்சொல் ஆக்கிப் பாருங்கள்.

விசுவமடு:
ஐயா, போட்டோப்பிரதிக் கடை ஆறு மணிக்குப் பூட்டிவிடும். முல்லைத்தீவு அக்கா சொன்னதையே தலைப்பாகப் போட்டேன். சுற்றறிக்கையோடு பொருந்தக் கீழே சிறிதாக 'உட்படுத்தல் கல்வி'. ஆனால் நாளை வகுப்பில் 'நாம்' என்றே சொல்லப்போகிறேன். 'நாங்கள்' என்றால் இதழ் ஒட்டாது. 'நாம்' என்றால் மகரத்தில் ஒட்டும், அவனுக்குத் தெரியும்.

வவுனியா:
கடை பூட்ட இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, பிள்ளை.