47 வயதில் மேல்தாடையை விரிக்கலாமா?

கேள்வி:
வயது 47. மேல்தாடை குறுகல். கடிக்கும்போது வலது பக்க மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாகப் போய் உட்காருகின்றன. அண்ணத்தில் ஸ்க்ரூ வைத்து விரிக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். இன்னொருவர், இந்த வயதில் எலும்பு அசையாது, ஆபரேஷன்தான் என்கிறார். கழற்றி மாட்டும் பிளேட்டே போதும் என்று வீடியோக்கள் வேறு. யாரை நம்புவது?

பதில் 1:
டாக்டர்கள் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம் சார். அண்ணத்தின் நடுவே முன்னிருந்து பின்வரை ஒரு இணைப்புக் கோடு ஓடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லில் மாட்டும் கருவியே அதைத் திறந்துவிடும், ஆனால் வயது ஏற ஏற இரண்டு ஓரமும் பற்களைப் போலக் கோத்துக்கொண்டு இறுகி, சிலருக்கு ஒரே எலும்பாகவே ஒட்டிப்போகும். எந்த வயதில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் வயதை மட்டும் வைத்து முடிவு சொல்பவரிடம், சி.பி.சி.டி. ஸ்கேனில் (தாடையை முப்பரிமாணமாகக் காட்டும் எக்ஸ்ரே) அந்த இணைப்பு ஏ (A) முதல் இ (E) வரை எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். டி, இ என்றால் ஒட்டத் தொடங்கிவிட்டது, ஆபரேஷன் பேச்சு வருவது இயல்பு.

பிளேட் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியவர்களுக்கு அது எலும்பைப் பிரிப்பதில்லை, பல்லைத்தான் வெளியே சாய்க்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைதான் என்றால் சரி. அதற்கு மேல் தள்ளினால் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்க எலும்பு மெலிந்து, ஈறு இறங்கி, வேர் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் பழைய இடத்துக்கே திரும்பவும் செய்யும்.

பதில் 2:
நான் ஸ்க்ரூ வகைதான் போட்டேன், உங்களைவிடக் கொஞ்சம் இளையவள். அண்ண எலும்பில் நான்கு குட்டி ஸ்க்ரூ, நடுவில் திருகும் பாகம். போடும்போது மரத்துப்போக ஊசி உண்டு. கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு அந்தச் சின்னச் சாவியைத் துளையில் நுழைப்பதுதான் பெரிய வித்தை! ஒரு நாள் மூக்கடியில் ஒரு சத்தம், பிறகு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வந்தது. அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, எலும்பு பிரிந்ததற்கு அடையாளமே அதுதான். திருகி முடித்ததும் கழற்ற மாட்டார்கள், புது எலும்பு நிரம்பும்வரை மாதக்கணக்கில் வாயிலேயே இருக்கும். ஸ்க்ரூவைச் சுற்றிச் சுத்தமாக வைக்காவிட்டால் சதை வீங்கி மூடிக்கொள்ளும், பிரஷ்ஷை விடாதீர்கள்.

பதில் 3:
எல்லாருக்கும் அப்படிப் பிரியாது, வயது கூடினால், அதுவும் ஆண்களுக்கு, பிரியாமல் போகும் வாய்ப்பு அதிகம். கோணலாகப் பிரிவதும் உண்டு. அப்போது மயக்கம் கொடுத்து, மேல்தாடை எலும்பில் வெட்டு வைத்துத் தளர்த்தி, சில நாள் விட்டு அதே மாதிரி திருகுவார்கள். ‘பிரியாவிட்டால் அடுத்து என்ன?’ என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். ஈறு நோய் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம்.

கேட்டவர்:
ஈறில் கொஞ்சம் ரத்தம் வருவது உண்டு. மெல்லச் சிரமம் இல்லை, வலியும் இல்லை.

பதில் 1:
அப்படியானால் விரிக்காமலே விடலாமா என்றும் கேளுங்கள் சார். பல் தேய்மானம், தாடை ஒரு பக்கம் ஒதுங்கி மூடுவது, இதெல்லாம் இல்லையென்றால் அந்தக் கடியை அப்படியே விட்டுப் பார்த்துக்கொள்ளும் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஈறு ரத்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம், அதை இந்த வாரமே காட்டுங்கள்.