குப்பைத்தொட்டியா, குளியல்தொட்டியா? டாரா வெஸ்ட்ஓவர் பற்றி ஒரு சண்டை

செந்தூல் வாசகன்:
போன ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாசிப்புக் கூட்டத்தில் ஒருத்தர் மைக்கை வாங்கிக்கொண்டு, டாரா வெஸ்ட்ஓவரின் தன்வரலாறான ‘எஜுகேட்டட்’ பாதிக்கு மேல் கட்டுக்கதை, அந்தம்மாவே அடிக்குறிப்பில் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அடித்துவிட்டார். கூட்டமும் தலையாட்டியது. எரிச்சல் தாங்கவில்லை, அதான் இங்கே வந்தேன்.

படிக்காதவர்களுக்கு: டாரா 1986-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கிளிஃப்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பாவுக்குப் பழைய இரும்புத் தொழில். அம்மா மூலிகை மருந்து காய்ச்சுவார், பிரசவம் பார்ப்பார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அரசாங்கத்தின் சூழ்ச்சி என்று நம்பிய வீடு. பிறப்புப் பத்திரமே ஒன்பது வயதில்தான் எடுத்தார்கள். முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தது 17 வயதில், அதுவும் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில். 2008-இல் பட்டம், பிறகு கேட்ஸ் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ், 2014-இல் வரலாற்றில் முனைவர். 2018 பிப்ரவரியில் புத்தகம் வந்தது. இதில் எது கட்டுக்கதை? சொன்னவர் இங்கே இருந்தால் பதில் சொல்லட்டும்.

ஒட்டுப்பால்:
அந்த ‘ஒருத்தர்’ நான்தான் தம்பி. பேரைச் சொல்லக் கூச்சமா?

அன்றைக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஏழாம் அத்தியாயத்தை எடுங்கள். லூக் என்ற அண்ணன் பழைய கார் டாங்கிகளில் இருந்து பெட்ரோல் வடிக்கிறான். கால்சட்டை நனைந்துவிடுகிறது. அதோடு போய் இரும்பு வெட்டும் கட்டிங் டார்ச்சைப் பற்றவைக்கிறான், கால் எரிகிறது. கால்சட்டையை இடுப்பில் வைக்கோல் கட்டும் கயிற்றால் முடிந்திருக்கிறான், அவிழ மாட்டேன் என்கிறது. டாரா கணக்குப்படி அவன் வீட்டுக்கு வந்தபோது கூட யாரும் இல்லை. இந்தச் சின்னப் பெண்தான் அவன் காலைக் குப்பைத்தொட்டித் தண்ணீருக்குள் விடுகிறாள்.

அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது? லூக்கையே கேட்டாராம். அவன் சொன்னது: அப்பாதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார், அதிர்ச்சிக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்தார், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டு மலையில் தீயை அணைக்கப் போனார். வெந்தது லூக்கின் கால். தன்னைத் தொட்டியில் வைத்தார்களா, குப்பைத்தொட்டியிலா என்று அவனுக்குத் தெரியாதா, பக்கத்தில் நின்றவளுக்குத்தான் தெரியுமா?

நூலகப்பூனை:
வந்துட்டார் ஐயா. அடிக்குறிப்பை முக்கால்வாசி படித்துவிட்டு மைக் பிடித்தால் இப்படித்தான் ஆகும்.

அதே குறிப்பு எப்படி முடிகிறது? யார் கொண்டுவந்தார், யார் இருந்தார் என்பதில் ஆளுக்கு ஒரு கதை. ஆனால் லூக் முன்வாசல் புல்தரையில் இருந்தான், கால் குப்பைத்தொட்டிக்குள் இருந்தது, இந்த இரண்டில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள், அதுவே விசித்திரம் என்று எழுதியிருக்கிறார். நீங்கள் பொய் என்று பிடித்துக்கொண்ட குப்பைத்தொட்டிதான் அந்தச் சம்பவத்திலேயே தகராறு இல்லாத பொருள்!

நூலின் கடைசியில் தனிக் குறிப்பு ஒன்று உண்டு, அதுவரை நீங்கள் புரட்டியிருக்க மாட்டீர்கள். அப்பா லூக்கைப் பார்த்தார், லூக் அப்பாவைப் பார்த்தான். லூக் டாராவைப் பார்த்தான், டாரா அப்பாவைப் பார்க்கவில்லை, அப்பாவும் அவளைப் பார்க்கவில்லை. டாராவும் இன்னொரு அண்ணன் ரிச்சர்டும் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ரிச்சர்டு அப்பாவைப் பார்க்கவில்லை, அப்பாவும் லூக்கும் ரிச்சர்டைப் பார்க்கவில்லை. இத்தனையும் அவரே எடுத்து வைத்திருக்கிறார். பொய் சொல்கிறவர் தனக்கு எதிரான சாட்சியைத் தானே அச்சடித்துக் கொடுப்பாரா?

ஒட்டுப்பால்:
மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் கொடுப்பார். முன்ஜாமீன் என்று கேள்விப்பட்டதில்லையா பூனையாரே?

தொட்டியா, குப்பைத்தொட்டியா? ஒற்றை வரியில் பதில் சொல்லுங்கள்.

ஜார்ஜ்டவுன் அக்கா:
இரண்டு பேரும் சண்டை போடுங்க, நான் தடுக்கல. தீக்காயத்தைப் பற்றி மட்டும் சொல்றேன். குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் குளிர விடணும். ஐஸ் கூடாது, ரத்த ஓட்டம் சுருங்கி காயம் ஆழமாயிடும். பெட்ரோல் பட்ட துணியை உடனே கழட்டணும், தோலோட ஒட்டிப்போனதை மட்டும் பிய்க்காம சுத்தி வெட்டணும். அங்கே முடிச்சு அவிழாததுதான் பெரிய ஆபத்து, துணி சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். ஆளை முழுசாத் தொட்டியில உட்கார வச்சா உடம்பு ரொம்பக் குளிர்ந்து நடுக்கம் வரும். காலை மட்டும் உயரமான பாத்திரத்துல விடறது அந்த வகையில மேல். ஆனா குப்பைத்தொட்டியில கிருமி. தோல் போன இடத்துல கிருமி நுழைஞ்சா ஆஸ்பத்திரிதான் கதி, அந்த வீட்லயோ ஆஸ்பத்திரியே கிடையாது. அம்மா களிம்பு போட்டு, செத்த தோலை வீட்லயே வெட்டி எடுத்திருக்காங்க. முதல்ல தொட்டி, அப்புறம் வாசல்ல குப்பைத்தொட்டின்னு இரண்டுமே நடந்திருக்கலாம்லா.

ஒட்டுப்பால்:
அக்கா, ‘நடந்திருக்கலாம்’ என்று ஊகம் செய்வது உங்கள் பெருந்தன்மை. எழுதினவர் அப்படி எழுதவில்லையே.

நூலகப்பூனை:
எழுதியிருக்கிறார்! லூக்கைப் புல்லில் பார்த்ததாக நினைக்கிறேன், ஒருவேளை தொட்டியில் தனியாகக் கிடந்தவனைத்தான் பார்த்தேனோ என்ற பொருளில் அதே குறிப்பில் இருக்கிறது. எத்தனை தடவை சொல்வது?

தன்வரலாறு எழுதுகிறவர் செய்யவேண்டிய வேலை என்ன என்றாவது பார்ப்போம். சின்ன வயதில் இருந்து எழுதிய நாட்குறிப்புகளை எடுத்தார். சம்பவத்தில் இருந்த அண்ணன்களைத் தனித்தனியாகக் கேட்டார். முரண்பட்ட இடத்தில் அடிக்குறிப்பு போட்டார். சிலருக்குப் பெயர் மாற்றினார், அப்பா ஜீன், அம்மா ஃபே, அடிக்கிற அண்ணன் ஷான், அக்கா ஆட்ரி எல்லாம் புனைபெயர்கள். அதற்கும் மேலே தகவல் சரிபார்ப்பவர் ஒருவரிடம் கையெழுத்துப்படி போயிருக்கிறது, நன்றியுரையில் பெயரே இருக்கிறது. பெரும்பாலான தன்வரலாறுகளுக்கு இந்தக் கடைசிப் படி கிடையாது. பதிப்பகம் வழக்கறிஞரிடம் காட்டும், அவதூறு வழக்கு வருமா என்று மட்டும் பார்ப்பார்கள். உண்மையா என்று பார்ப்பது வேறு வேலை.

அந்த வேலையைச் செய்யாதபோது என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் ஃப்ரே போதும். அவருடைய தன்வரலாறு என்று ‘எ மில்லியன் லிட்டில் பீசஸ்’ 2003-இல் வந்தது. 87 நாள் சிறையில் இருந்ததாக எழுதினார். 2006 ஜனவரியில் ‘தி ஸ்மோக்கிங் கன்’ இணையதளம் போலீஸ் பதிவேட்டை எடுத்துப் பார்த்தது, உள்ளே இருந்தது சில மணி நேரம்தான். நூலைப் பரிந்துரைத்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா தன் நிகழ்ச்சியிலேயே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார், பதிப்பகம் வாங்கினவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. அது பொய். இது நினைவு வேறுபாடு. கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும்.

கிள்ளான் கணக்கர்:
ஒரு சந்தேகம். பள்ளிக்கூடமே போகாத பெண், அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதுகிற ஏசிடி தேர்வில் 28 வாங்கினார் என்கிறார்கள். 36-க்கு 28 சும்மா கிடைக்காது.

நூலகப்பூனை:
முதல் தடவை 22. பல்கலைக்கழகம் கேட்டது 27. அடுத்த முயற்சியில் 28. ஆங்கிலமும் வாசிப்பும் வீட்டில் பைபிளும் அவர்கள் மார்மன் மதத்தின் புனித நூலும் படித்துப் படித்தே வந்துவிட்டன. இடித்தது கணக்கு, இயற்கணிதமும் திரிகோணமிதியும் புத்தகம் வாங்கித் தானாகவே படித்தார், புரியாததை அண்ணன் டைலர் விளக்கினார். பதில் தேர்ந்தெடுக்கிற தேர்வு, தவறுக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், ஒன்றையும் விடாமல் குறிக்கலாம். இதையும் கட்டுக்கதை என்பீர்களா?

ஒட்டுப்பால்:
டைலர் யார்? முனைவர். ரிச்சர்டு? அவரும் முனைவர். ஏழில் மூன்று பேர் முனைவர்! எந்த இருட்டு வீடு ஐயா இது? பெற்றோர் தரப்பு வழக்கறிஞர், அப்படியே நம்பாமல் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள் என்ற மாதிரிச் சொன்னார். அம்மா 2020-இல் ‘எஜுகேட்டிங்’ என்று தன் பங்குக்கு ஒரு புத்தகமே போட்டார். அதைப் படித்தீர்களா, இல்லை டாரா சொன்னதுதான் வேதமா?

கேள்வி அப்படியே நிற்கிறது. தொட்டியா? குப்பைத்தொட்டியா?

நூலகப்பூனை:
மூன்று பேர் முனைவர் என்ற கணக்கே டாராவின் நூலில் இருக்கிறது. மற்ற நான்கு பேருக்குப் பள்ளிச் சான்றிதழ் கூட இல்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. பாதியை மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடாதீர்கள். அம்மாவின் எண்ணெய் வியாபாரம் வளர்ந்ததும் ஒரு தீக்காயத்தால்தான், அது லூக் இல்லை, பிற்பாடு அப்பாவே டாங்கி வெடித்து முகம் வெந்தபோது. அப்போதும் ஆஸ்பத்திரி இல்லை, களிம்புதான்.

செந்தூல் வாசகன்:
நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்த நூல் இது. 2021-க்கான அமெரிக்கத் தேசிய ஹியூமானிட்டிஸ் (மானுடக் கல்வி) பதக்கம், 2023-இல் அப்போதைய அதிபர் பைடன் கையால் வாங்கினார். இத்தனை பேருமா முட்டாள்?

ஒட்டுப்பால்:
விற்றது உண்மையாகிவிடும் என்றால் பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற ரோலெக்ஸும் அசல்தான் தம்பி.

பூனையார் ஏன் இத்தனை உருகுகிறார் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் இதே தளத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தன்வரலாற்றை வானளாவப் புகழ்ந்தவர் இவர். நூல் பெயர் வேண்டாம், எழுதியவர் பாவம். அதில் அம்மா உச்சி வெயிலில் மர நிரையில் நின்று பால் வெட்டுகிறாளாம், பால் பிடிக்கும் மங்கு நிரம்பி வழிகிறதாம். ஐயா, விடியுமுன் மரத்தின் உள்ளழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியே தண்ணீர் போய்விடும், அழுத்தம் விழும், பால் சுண்டும். அதனால்தான் இருட்டிலேயே பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எழுப்பினார்கள், கங்காணிக்குத் தூக்கம் வராமல் இல்லை. விடியும் நேரம் வெட்டு, பத்து பதினொன்றுக்குப் பால் எடுப்பு, காண்டாக் கம்பில் தொங்கும் வாளியில் ஸ்டோருக்கு. நண்பகலில் வெட்டினால் மங்கில் நாலு சொட்டு விழும். இதைச் சரிபார்க்கத் தெரியாதவர் ஐடஹோ தொட்டியைப் பற்றிப் பேசுகிறார்.

நூலகப்பூனை:
ஆக, இதுதான் விஷயம்! ஒரு வருஷப் பகை. பால் பெருக்கும் எத்தஃபோன் மருந்து பூசின மரம் மணிக்கணக்கில் சொட்டும், தெரியுமா?

ஒட்டுப்பால்:
அந்த நூல் நடப்பது 1950-களில். எத்தஃபோன் தோட்டங்களுக்கு வந்தது 1970-களில். அம்மா இருபது வருஷம் கழித்து வந்த மருந்தை எங்கே வாங்கினாள், செந்தூல் பாசாரிலா?

ஜார்ஜ்டவுன் அக்கா:
வெட்டினதையும் எடுத்ததையும் கலந்து எழுதியிருப்பார்லா. பிள்ளை பார்த்தது மங்கு நிரம்பினதை, அம்மா நின்னதை. பால் எடுக்கிற நேரம் வெயில்தானே.

நூலகப்பூனை:
நன்றி அக்கா. ஏழு வயசுப் பிள்ளையின் நினைவு கடிகாரத்தைப் பார்த்து வராது. அந்த எழுத்தாளருக்கு அடிக்குறிப்பு போடச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இங்கே மலேசியாவில் தன்வரலாறு போடுகிறவர் பாதிப் பேர் சொந்தக் காசில் போடுகிறார்கள். தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் வாங்கி, அச்சடித்து, 1986 சட்டப்படி ஐந்து பிரதியை நூலகத்துக்கு அனுப்பி, வெளியீட்டு விழாவுக்கு மாலை வாங்குவதற்குள் மூச்சு போய்விடுகிறது. மெய்ப்புப் பார்ப்பதே மச்சான்தான். இதில் தகவல் சரிபார்ப்பவருக்கு எங்கே போவது?

கிள்ளான் கணக்கர்:
1957 அவதூறுச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செத்தவர் வழக்குப் போட முடியாது, உயிரோடு இருக்கிற சித்தப்பா போடுவார். அதனால்தான் நம் ஊர்த் தன்வரலாறுகளில் கெட்டவர்கள் எல்லாம் காலமானவர்கள்.

நெறியாளர்:
தலைப்பு டாரா வெஸ்ட்ஓவர். ரப்பர் மரத்துக்குத் தனி இழை திறக்கவும். ஒட்டுப்பால், ஒரே கேள்வியை மறுபடி மறுபடி போடுவது விதிமீறல்.

ஒட்டுப்பால்:
பதில் வந்தால் ஏன் போடுகிறேன்?

நெறியாளருக்கு ஒன்று சொல்லிவிட்டு அந்தத் தனி இழைக்குப் போகிறேன். அதே தோட்டத்து நூலின் அட்டையில் இருக்கும் ரப்பர் மரத்தைப் பாருங்கள். வெட்டுக்காயம் வலது மேலிருந்து இடது கீழே இறங்குகிறது. எந்தத் தோட்டத்தில் ஐயா அப்படி வெட்டினார்கள்? பால் நாளங்கள் மரத்தில் நேராக ஓடாது, கொஞ்சம் சாய்ந்து ஏறும். இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் நிறைய நாளம் அறுபடும். மாற்றி வெட்டினால் பால் குறையும்.

நூலகப்பூனை:
அச்சகத்தில் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். அதற்கும் எழுத்தாளர்தான் பொறுப்பா? பின்னட்டையில் அதே மரம் சரியாகத்தான் இருக்கிறது.

ஒட்டுப்பால்:
பின்னட்டையில் இருப்பது வேறு மரம். மங்கு கட்டியிருக்கும் கம்பியைப் பாருங்கள்.

நூலகப்பூனை:
அதே மரம்தான்.

செந்தூல் வாசகன்:
இரண்டு பேரும் முதலில் அட்டைப் படத்தை ஏற்றுங்கள். யாரிடமாவது நூல் இருக்கிறதா?