‘குறைத்து நடியுங்கள்’ என்றால் எதைக் குறைப்பது?

மூன்றாவது மணி:

பதினொரு வருடமாக மேடையில் நடிக்கிறேன். இப்போதுதான் முதல் சினிமா வேடம். ஆறே காட்சிகள், அப்பா வேடம். இரண்டு காட்சி எடுத்தாயிற்று, மீதி நான்கு மூன்று வாரம் கழித்து.

எடுத்ததில் ஒன்று இப்படி: அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். மகன் எதிரே வந்து நின்று, வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறான். அப்பாவுக்கு இரண்டே வரி வசனம். முதல் டேக் முடிந்ததும் இயக்குநர், “கொஞ்சம் ஓவரா இருக்கு, குறைச்சுக்கலாம்” என்றார். குறைத்தேன். “இன்னும்” என்றார். ஏழாவது டேக்கில், “இப்ப ஒண்ணுமே இல்லையே!” என்று சிரித்துவிட்டார். மானிட்டரில் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். உட்கார்ந்த நிலையில் ஒரு பிணம். கடைசியில் மூன்றாவது டேக்கை ஓகே செய்தார்கள். அது ஓகே ஆனதா, நேரம் போய்விட்டதால் விட்டார்களா, தெரியவில்லை.

மேடை, சினிமா இரண்டிலும் நடித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எதைக் குறைப்பது, எதை விட்டுவைப்பது?

வெட்டுமேசை:

எடிட்டிங் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, கண் சிமிட்டல். நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஒரு சிமிட்டலுக்கே நாலைந்து பிரேம் போய்விடும். குளோசப்பில் அது கதவை மூடித் திறப்பது மாதிரி. வசனத்தின் நடுவே காரணமில்லாமல் சிமிட்டினால் அந்த இடத்தில் எங்களால் தங்க முடியாது, வெட்டிவிட்டு எதிராளிக்குப் போய்விடுவோம். இரண்டு, எதிராளி பேசும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. மேடையிலிருந்து வருகிறவர்கள் பலர் தங்கள் வரி முடிந்ததும் அணைந்துவிடுகிறார்கள். எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது அந்த இடம்தான்.

பழைய ஒப்பனைப்பெட்டி:

தம்பி, உங்கள் ஏழாவது டேக்கை நான் பார்க்காமலே சொல்கிறேன். குரலைக் குறைத்தீர்கள், கையைக் குறைத்தீர்கள், புருவத்தைக் குறைத்தீர்கள். கூடவே மகன் போய்விடுவானோ என்கிற பயத்தையும் குறைத்துவிட்டீர்கள். அதைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எனக்கு வயது 71. முதல் 19 வருடம் மேடை மட்டும். அப்புறம் இரண்டும் கலந்து. என் முதல் படத்தில் டாக்டர் வேடம், ஒரு அம்மாளிடம் அவர் கணவரைப் பற்றிக் கெட்ட செய்தி சொல்ல வேண்டும். கடைசி வரிசைக்கு வீசிப் பழகிய குரலில் சொன்னேன். டேக் முடிந்தது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. “சார், நீங்க யார்கிட்ட பேசுறீங்க?” என்றார். எதிரே இருக்கிற அம்மாவிடம் என்றேன். “அவங்க மூணு அடியில இருக்காங்க சார்” என்றார். எத்தனையோ இயக்குநர்களிடம் வேலை செய்திருக்கிறேன், சினிமா நடிப்பு பற்றி எனக்குக் கிடைத்த நல்ல பாடம் அந்த மனிதர் சொன்னதுதான்.

மேடையில் உங்களுக்கும் பார்க்கிறவருக்கும் இடையே உள்ள தூரம் மாறாது. மணி அடித்ததிலிருந்து திரை விழும்வரை அதே தூரம்தான். நாம் அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி உடம்பைப் பழக்கிவிடுகிறோம். சினிமாவில் தூரம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது. ஒரு ஷாட்டில் பார்க்கிறவர் எதிர்ச் சுவர் ஓரத்தில் நிற்கிறார், அடுத்ததில் உங்கள் மூக்கருகே உட்கார்ந்திருக்கிறார். “குறை” என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு அதுதான் காரணம். அதைக் கேட்டுக்கொண்டு லாங் ஷாட்டிலும் கம்பம் மாதிரி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். லாங் ஷாட்டில் முகம் தெரியாது, நடையும் தோளும்தான் பேசும். மேடைக்காரனின் உடம்பு அங்கே அப்படியே பயன்படும்.

ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் கேமரா உதவியாளரிடம் ஒரே கேள்வி: “எவ்வளவு வருது?” அவர் கையைத் தன் உடம்பில் வைத்துக் காட்டுவார். இடுப்பு, மார்பு, கழுத்து. அந்தக் கை இருக்கிற இடம்தான் உங்கள் மேடையின் விளிம்பு. கேட்க வெட்கப்படாதீர்கள். நான் இன்றும் கேட்கிறேன்.

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் படித்திருப்பீர்கள். அரங்கம் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அளவு வருகிறது. ஒரு கோல் என்பது 24 பெருவிரல். தூண்களின் நிழல் அரங்கில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கு வைக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. நிற்கிற இடத்துக்கு விரற்கணக்கில் அளவு பார்த்திருக்கிறார்கள் என்று முதலில் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. கேமராமேன் என் கால் அருகே தரையில் டேப் ஒட்டியபோது அந்த ஆச்சரியம் போய்விட்டது. 85 எம்எம் லென்ஸைத் துவாரம் நன்றாகத் திறந்து வைத்து ஒன்றரை மீட்டரில் முகத்தை எடுத்தால், ஃபோகஸ் இருக்கிற ஆழம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். உணர்ச்சி வேகத்தில் தலையை முன்னே நீட்டினால் காது தெளிவாக இருக்கும், கண் மங்கிவிடும். ஃபோகஸ் பிடிக்கிற பையனிடம் முன்கூட்டியே “இந்தச் சொல்லில் முன்னால வருவேன்ப்பா” என்று சொல்லிவைத்தால் அவனும் உங்களோடு நடிப்பான்.

சரி, உங்கள் பொத்தானுக்கு வருகிறேன். மேடையில் என்றால் நான் நூலை நீளமாக எடுத்துக்கொள்வேன். கை மேலே போய் வருவது கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். மகன் பேசியதும் அந்தக் கை அந்தரத்தில் நிற்கும். அரங்கம் முழுக்க அந்தக் கையைப் பார்க்கும். கழுத்துவரை வருகிற ஷாட்டில் கையே தெரியாது. ஆனாலும் தையுங்கள். நிஜமான ஊசி, நிஜமான துணி. கண் ஊசியைத் தொடரும், தோள் லேசாக அசையும், துளை அகப்படாதபோது மூச்சு நிற்கும். மகன் “கிளம்பறேன்” என்கிறபோது கண் அவனிடம் போவதற்கு முன் அந்தத் தையலை முடிக்கப் பார்க்கிறது என்று வையுங்கள். அந்த அரை நொடியில் அப்பாவின் மனம் முழுக்க வந்துவிடும். முகத்தில் எதையும் ‘போட’ வேண்டியதில்லை.

ஆனால் ஊசி எந்தச் சொல்லில் நின்றதோ, பத்தாவது டேக்கிலும் அதே சொல்லில் நிற்க வேண்டும். இதில் நான் அடிபட்டவன். ஒரு படத்தில் சாவுச் செய்தி கேட்டுக் கண்ணாடியைக் கழற்றுகிற காட்சி. லாங் ஷாட்டில் வாக்கியம் முடிந்தபின் கழற்றினேன். குளோசப்பில் உணர்ச்சி வந்து பாதி வாக்கியத்திலேயே கழற்றிவிட்டேன். அந்த டேக் முடிந்தபோது செட்டில் யாரும் பேசவில்லை, எனக்கே தெரிந்தது நன்றாக வந்ததென்று. படம் வந்தது. போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் என் முதுகு இருந்தது. இரண்டையும் ஒட்டவே முடியவில்லையாம்.

இன்னொன்று, வரிசை. மேடையில் இரண்டு மணி நேரத்தில் பாத்திரம் தானாக வளர்ந்து வரும், முதல் காட்சியின் சூடு கடைசிக் காட்சியில் இருக்கும். சினிமாவில் கடைசிக் காட்சியை முதல் நாளே எடுப்பார்கள். அதற்கு நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காட்சிக்கும் மேலே ஒரே ஒரு வரி: இதற்கு ஐந்து நிமிடம் முன்பு இவன் என்ன செய்துகொண்டிருந்தான்? கதையில் இருக்காது, நானே எழுதிக்கொள்வது. “படி ஏறி வந்தான், முட்டி வலிக்கிறது.” “கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டான்.” இவ்வளவு போதும்.

ஓரத்து விளக்கு:

ஐயா சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் செய்த சோதனை எல்லாருக்கும் தெரியும். ஒரே நடிகரின் ஒரே முகம். பக்கத்தில் சூப் கிண்ணத்தை ஒட்டினால் பசி என்றார்கள், சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம் என்றார்கள். சினிமாவில் அர்த்தத்தை உண்டாக்குவது வெட்டு. நடிகர் சும்மா இருந்தாலே போதும். ஊசி, மூச்சு, ஐந்து நிமிடம் முன்பு, இதெல்லாம் மேடைக்காரர்களின் மனத்திருப்திக்கு.

பழைய ஒப்பனைப்பெட்டி:

இருக்கலாம். நானும் இதைச் சின்ன வயதில் கேட்டு ஒரு வாரம் தூங்காமல் இருந்தேன், நமக்கு வேலையே இல்லையோ என்று. ஆனால் அந்தச் சோதனை சில நொடி. உங்களை மூன்று நிமிடம் ஒரே ஷாட்டில் வைத்து, பக்கத்தில் கிண்ணமும் இல்லை பெட்டியும் இல்லை என்றால்? அதோடு ‘சும்மா இருப்பது’ என்பதைச் செய்து பாருங்கள். கேமரா ஓடும்போது சும்மா இருக்க முடிந்த மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. உதட்டை ஈரப்படுத்துவோம், தாடையை இறுக்குவோம். எதையாவது உண்மையாகப் பார்த்துக்கொண்டோ கேட்டுக்கொண்டோ இருந்தால்தான் முகம் சும்மா இருக்கும். தம்பியின் ஏழாவது டேக்கும் சும்மா இருந்ததுதான், இயக்குநர் எடுத்துக்கொள்ளவில்லையே.

வெட்டுமேசை:

வெட்டுகிறவன் சொல்கிறேன். செத்த முகத்தை எதோடு ஒட்டினாலும் செத்த முகம்தான். அந்த வேலையை நிறைய செய்திருக்கிறேன். 😄

மூன்றாவது மணி:

ஐயா, மிக்க நன்றி. பயத்தைக் குறைத்துவிட்டேன் என்றீர்களே, அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னொரு சந்தேகம். மீதி நான்கில் ஒன்று, மகன் போனபின் அப்பா தனியாக அழுகிற காட்சி. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது முதல் முறை கண்ணீர் வந்தது. அடுத்த இருபது முறையும் வரவில்லை. மேடையில் கண்ணீர் வராவிட்டாலும் தோளைக் குலுக்கிச் சமாளிப்பேன். இங்கே என்ன செய்வது? நிஜமாக உணர்ந்தால்தான் வருமா?

பழைய ஒப்பனைப்பெட்டி:

கிளிசரின் இருக்கிறது, அதற்காக வெட்கப்படாதீர்கள். கண்ணில் தண்ணீர் வருவது பெரிய விஷயமே இல்லை. எதற்காக வருகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிந்தால் போதும்.

எனக்கு இதில் கைகொடுத்தது தொல்காப்பியம் என்றால் சிரிப்பீர்கள். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு வருகிறது. மெய்ப்பாடு என்ற சொல்லையே பாருங்கள், மனத்தில் இருப்பது மெய்யில் படுவது. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் சொல்லியிருக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் மற்றவர் நம்மை இழிவாக நினைத்தது. இழவு, ஒன்றை இழந்தது. அசைவு என்பது முன்பு இருந்த நல்ல நிலை கெட்டுப்போனது. வறுமை தெரிந்ததே.

நீங்கள் ‘அழுகை’ என்று மொத்தமாக ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். இருபது முறை வராமல் போனதில் ஆச்சரியமில்லை. இந்த அப்பா எதற்கு அழுகிறார்? பிள்ளை போனதற்கு என்றால் இழவு. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் போனான் என்றால் இளிவு. ஒரு காலத்தில் அவன் தன் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான் என்ற நினைப்பு வந்தால் அசைவு. மூன்றுக்கும் உடம்பு வேறு வேறு. இளிவுக்கு அழுகிறவர் யாரும் பார்க்காவிட்டாலும் முகத்தை மறைப்பார். இழவுக்கு அழுகிறவருக்கு மறைக்கத் தோன்றாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து இயக்குநரிடம் கேட்டுப் பாருங்கள், “சார், இவருக்குத் துக்கமா அவமானமா?” என்று. நல்ல இயக்குநர் என்றால் உட்கார்ந்து பேசுவார். “நீங்க அழுங்க சார், போதும்” என்றால் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், அவரிடம் சொல்ல வேண்டாம்.

ஒத்திகையில் முழுசாக அழுதுவிடாதீர்கள். மேடையில் நூறாவது காட்சிக்கும் புதிதாக அழுவதற்கு நமக்குப் பழக்கம் இருக்கிறது, ஏனென்றால் அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் நாடகம் நடந்திருக்கும். இங்கே விளக்கு மாற்றுகிற நாற்பது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோய் அழ வேண்டும். அந்த நாற்பது நிமிடத்தில் செல்போன் பார்க்காதீர்கள். நான் நோட்டில் எழுதிய வரியைப் படிப்பேன், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். சில சமயம் தூங்கியும் இருக்கிறேன்.

டப்பிங்கிலும் இதே கதை வரும். பல மாதம் கழித்து இருட்டறையில் நின்று, நீங்கள் என்றோ விட்ட மூச்சை மறுபடி விடச் சொல்வார்கள். உட்கார்ந்து பேசிய வசனத்தை உட்கார்ந்தே பேசுங்கள், நின்றால் குரல் மாறிவிடும். கையில் துணியும் ஊசியும் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

ஆமாம், கேட்க மறந்துவிட்டேன். உங்களுக்கு நிஜமாகவே பொத்தான் தைக்கத் தெரியுமா?

மூன்றாவது மணி:

தெரியாது ஐயா. முதல் காட்சியில் சும்மா ஊசியை உள்ளே வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து நான்கு பொத்தான் தைத்தேன். இரண்டு நிற்கிறது. விரலில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டேன், பிளாஸ்டர் போட்டிருக்கிறேன்.

வெட்டுமேசை:

ஷூட்டிங்குக்கு முன்னால் அந்தப் பிளாஸ்டரைக் கழற்றிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.